விண்கப்பலேறியும் விடாத வாள்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பையும் சிலருக்கு ஐயத்தையும் விளைக்கக்கூடும். நகைப்பவர் நகைக்க. ஐயுறுவோர்க்கு மட்டும் ஒரு விடை கூறிவிட்டு மேலே செல்கின்றேன். கதை எங்கே உளதோ அங்கே கதையை ஆராய்வோனுக்கும் வேலை உண்டு. ஏட்டிலிருந்த கதை அச்சுக்கு வந்தது. அச்சிலிருந்து திரைக்குச் சென்றது. இன்று ஆடுவோன் கைக்குள்ளே வந்து அமர்ந்திருக்கின்றது. கைக்குள் வந்த கதையைக் கண்ணெடுத்தும் பாரேன் என்பது கல்விக்கு அழகன்று.

யப்பானியர் ஆக்கிய ஒருவகை விளையாட்டையே ஈண்டுப் பொருளாக எடுத்துக்கொண்டேன். பாத்திரமேற்றாடும் விளையாட்டு என்று அதனைச் சொல்லலாம். ஆடுவோன் கதைமாந்தர் ஒருவரின் இடத்திலே நின்று, ஊர் ஊராகச் சென்று, பலரோடு உரையாடி, துணைவரைச் சேர்த்து, பகைவரோடு பொருது, கதையை முடிவுவரை நடத்திச் செல்கின்றான். ஒன்றை ஆடி முடிக்க நாற்பது மணி நேரமும் ஆகும். நூறு மணி நேரமும் ஆகும். இவற்றுள்ளும் விஞ்ஞானக் கதையைப் பொருளாகக் கொண்டவற்றிலேயே என் மனம் ஈடுபட்டது. மேற்படிப்புக்கென வெளிநாடு சென்ற என் தமக்கையின் மகன் தன் கருவியையும் தட்டுக்களையும் என் வீட்டிலே வைத்துவிட்டுப் போனான். விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். ஆண்டுகள் சில கழிந்தன. இப்பொழுது அவற்றின்மேல் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. அக்குறைகளினும் பெரிய நம்பிக்கையும் உண்டு. இரண்டையும் சொல்கின்றேன்.

அளவுகோல்

தொல்காப்பியர் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துக்குரிய உயிர், உணவு, தொழில், பறை முதலியன கரு. மாந்தரின் ஒழுக்கம் உரி. அகப்பாட்டுக்குச் சொன்ன இலக்கணத்தை வேற்று நாட்டாரின் புதுக்கலைக்கு அளவுகோலாக்குவது முறையோ என்று கேட்பார் உளர். கோல் நம்முடையது, அளக்கப்படும் துணி எவருடையதாயின் என்ன?

விஞ்ஞானக் கதை செய்யும் வேலை யாது? முதலையும் கருவையும் மாற்றிவிடுதல். நிலம் வேற்றுக் கிரகம் ஆகின்றது. பொழுது பல்லாயிரம் ஆண்டு கடந்த எதிர்காலம் ஆகின்றது. விண்கப்பலும் றோபோவும் குளோனிங்கும் கருப்பொருள் ஆகின்றன. இவை மாறும்போது உரியும் அசைய வேண்டும். காதல், பிரிவு, இரங்கல், கடமை என்பன அப்புதிய நிலத்திலே புதிய வினாக்களாக எழவேண்டும். எழாவிடின் அது விஞ்ஞானக் கதையன்று; பழைய உடலுக்குத் தைத்த புதிய உடுப்பு.

விளையாட்டுக்கு மேலும் ஒன்று வேண்டும். எழுந்த வினா பாத்திரத்தின் வாயிலே மட்டும் நின்றுவிடலாகாது. ஆடுவோன் செய்யும் செயலுக்குள்ளே அது வந்து சேரவேண்டும். நூலைப் படிப்பவன் காண்கின்றான்; விளையாட்டை ஆடுபவன் செய்கின்றான். செய்பவனை வெறும் காண்பவனாக இருத்திவைத்துப் பிரசங்கம் நிகழ்த்துவதற்கு இத்துணைப் பெரிய கருவி எதற்கு? என் மனக்குறை, நம்பிக்கை இரண்டுக்கும் இதுவே வேர்.

யப்பானியரிடம் இதனை எதிர்பார்ப்பதற்குக் காரணமும் உண்டு. சந்திரனிலிருந்து வந்து சந்திரனுக்கே மீண்ட ககுயா என்னும் பெண்ணின் கதை அவர்களிடம் ஆயிரம் ஆண்டுகளாக வழங்குவது. 2007 இல் சந்திரனுக்கு அனுப்பிய ஆய்வுக்கலத்துக்கு அவள் பெயரையே சூட்டினர். 1945 இல் அணுகுண்டு இருமுறை வீழ்ந்த நாடு அது. 1952 இல் ஒசாமு தெசுக்கா அணுசக்தியால் இயங்கும் றோபோச் சிறுவனைச் சித்திரக்கதையிலே படைத்தார். 1954 இல் கொட்சில்லா திரையிலே தோன்றியது. 1959 இன் இறுதியில் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே தனி மாத இதழ் ஒன்று தொடங்கிற்று. 1973 இல் சக்கியோ கொமாட்சு தம் நாடு கடலுள் அமிழ்வதை நாவலாக எழுதினார். விஞ்ஞானத்தின் வரத்தையும் சாபத்தையும் உடம்பிலே அறிந்தவர்கள் அதனை வெறும் உடுப்பாக்கும்போது மனம் கூடுதலாக வருந்துகின்றது.

பழைய உடல், புதிய உடுப்பு

1986 மே மாதத்தில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' இவ்வகை விளையாட்டுக்கு யப்பானிலே அச்சாயிற்று. அரசன், அரக்கன், வாள், மந்திரம் என்பன அதன் கரு. மறு ஆண்டு திசெம்பரில் சேகா கொம்பனியார் 'பான்ரஸி ஸ்ரார்' என்பதை வெளியிட்டனர். அதிலே நாயகி ஒரு பெண், பெயர் அலிஸ். தமையனைக் கொன்ற கொடுங்கோலனை எதிர்க்கப் புறப்பட்டு, ஒரு சூரியனைச் சுற்றும் மூன்று கிரகங்களுக்கு விண்கப்பலேறிச் செல்கின்றாள். கதைமாந்தருக்கு உருவம் வரைந்த றியெக்கோ கொடாமா என்னும் பெண்மணி, 1993 இல் வெளிவந்த நான்காம் பாகத்தின் இயக்குநர்களுள் ஒருவராகவும் விளங்கினார். 2022 இல் அவர் மறைந்தார். அந்த நான்காம் பாகத்தோடு கதைத்தொடர் முடிந்தது. 2000 இன் இறுதியில் அதே பெயர் இணையத்திலே பலர் கூடியாடும் வேறொரு விளையாட்டுக்குச் சூட்டப்பட்டது. பெயர் வாழ்ந்தது, வழி திரும்பியது.

டிராகன் குவெஸ்டின் அச்சோ மிக வலியது. விண்கப்பலில் ஏறியவரும் வாளைக் கீழே வைப்பதில்லை. 1998 இல் வெளிவந்த 'ஸ்ரார் ஓஷன்' இரண்டாம் கதையைப் பாருங்கள். நாயகன் குளோட் பூமியின் விண்படையைச் சேர்ந்த இளைஞன். அறியாத பொறியொன்றைத் தொட்டு, எக்ஸ்பெல் என்னும் பின்தங்கிய கிரகத்திலே வீசப்படுகின்றான். அவன் கைத்துப்பாக்கியின் ஒளியைக் கண்ட பெண்ணொருத்தி, பழங்கதை கூறும் ஒளிவாள் வீரன் வந்துவிட்டான் என்று ஊராரிடம் அழைத்துச் செல்கின்றாள். எத்துணை நல்ல தொடக்கம்! ஒருவரின் விஞ்ஞானம் மற்றொருவருக்குத் தெய்வமாகத் தோன்றும் நிலையை ஒரே காட்சியிலே நிறுத்திவிட்டார்கள். ஆயின் சிறிது தூரம் செல்வதற்குள் துப்பாக்கி பயனற்றுப் போகின்றது. குளோட் வாளை எடுக்கின்றான். அப்புறம் குகையும் அரண்மனையும் மந்திரமுமாகக் கதை பழைய தடத்திலே இறங்கிவிடுகின்றது.

பின்தங்கிய கிரகங்களின் வாழ்விலே தலையிடலாகாது என்று அவ்விண்படைக்கு ஒரு சட்டம் இருப்பதாகவும் கதை கூறும். அச்சட்டத்தை மீறுவதா, காப்பதா என்ற இக்கட்டு ஆடுவோன் கையிலே விழுந்திருக்கலாம். விழவில்லை. வாட்போரில் விறுவிறுப்பு உண்டு என்பதை மறுக்கின்றேன் அல்லேன். நானும் அதிலே மகிழ்ந்தவன்தான். என் வருத்தம் வாள் இருப்பதனால் அன்று. வாளைத் தவிர வேறு வினைச்சொல் இல்லாதிருப்பதனால்.

முடிவு காணாத கதைகள்

இரண்டாவது குறை, துணிந்தவர்கள் முடிக்க இயலாமற் போனது. இதற்குத் தெட்சுயா தக்காஹாஷி என்பவரின் வாழ்க்கையே சான்று. 1998 பெப்ரவரியில் ஸ்குவெயார் கொம்பனியார் வெளியிட்ட 'செனோகியர்ஸ்' அவர் இயக்கியது. மனிதகுலம் எவ்வாறு தோன்றியது, கடவுள் எனப்படுவது யாது, ஒருவன் உள்ளத்திலே பலர் குடியிருப்பது எப்படி என்று அது கேளாத கேள்வி இல்லை. தட்டுக்கள் இரண்டு. முதற்றட்டு முழுமையான விளையாட்டு. இரண்டாவதிலே கதைமாந்தர் நாற்காலியில் அமர்ந்து, நடந்ததை நமக்கு எடுத்துரைக்கின்றனர். நாம் நடந்து காணவேண்டிய ஊர்களும் செய்யவேண்டிய செயல்களும் செய்தியாகச் சுருங்கிவிட்டன. குறித்த தவணைக்குள் வேலை முடியவில்லை. குழுவிலே அனுபவம் குறைந்த இளைஞர் பலர். பாதியில் நிறுத்துவதினும் இவ்வாறேனும் முடிப்பது நன்று என்று துணிந்தார்கள். ஆட்டத்தின் இறுதியிலே 'ஐந்தாம் அத்தியாயம்' என்று ஒரு குறிப்புத் தோன்றும். மற்றைய அத்தியாயங்கள் விளையாட்டாக வெளிவரவேயில்லை.

தக்காஹாஷி 1999 இல் மொனொலித் சொவ்ற் என்னும் கொம்பனியைத் தோற்றுவித்தார். ஆறு பாகங்களாகத் திட்டமிட்ட 'செனோசாகா' 2002, 2004, 2006 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்து நின்றது. 2015 இல் 'செனோபிளேட் எக்ஸ்'. அதன் கதை 2054 இல் தொடங்குகின்றது. அந்நியர் இருவர் தமக்குள் பொருத போரிலே பூமி அழிகின்றது. தப்பிய கப்பலொன்று மீரா என்னும் கிரகத்திலே வீழ்கின்றது. அங்கே உயிரோடு நடமாடுவோர் யாவரும் செய்யப்பட்ட உடல்களிலே வாழ்பவர். அவர்தம் மெய்யுடல்கள் கப்பலின் ஒரு கூற்றிலே உறங்குவதாக நம்புகின்றனர். அக்கூற்றைத் தேடுவதே வேலை. கண்டபின் தெரிகின்றது, அங்கிருந்த நினைவுக் களஞ்சியம் கப்பல் வீழ்ந்தபோதே அழிந்துவிட்டது என்று. அப்படியாயின் இத்துணை நாளும் இவர்கள் எவ்வாறு உயிர்த்திருந்தார்கள்? இவ்வினாவோடு ஆட்டம் நின்றது. நின்றது நின்றபடியே பத்தாண்டுகள் கழிந்தன.

அதே விளையாட்டிலே இன்னொரு குறையையும் கண்டேன். அக்கூற்றின் மின்சக்தி எஞ்சியுள்ள அளவை, நகரத்தின் கோபுரத்திலே நூற்றுவீதமாகக் காட்டுவர். எண் குறையக் குறைய மனிதகுலம் அழிவை நெருங்குகின்றது. ஆனால் கதை நகரும்போது மட்டுமே அந்த எண் குறையும். நாம் காட்டிலே பூப்பறித்துக்கொண்டு நூறு மணி நேரம் திரிந்தாலும் அது அசையாது. பதைபதைப்பு கோபுரத்திலே இருக்கின்றது. ஆடுவோன் கையிலே இல்லை. வேண்டுவது இதுவே, இல்லாததும் இதுவே.

பெயர் இழந்த பெயர்

மூன்றாவது, மொழிபெயர்ப்பிலே நேரும் இழப்பு. நமது நாட்டோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆதர் சி. கிளார்க் 1953 இல், பிள்ளைப்பருவத்தின் முடிவு என்று பொருள்படும் பெயரோடு ஒரு நாவல் வெளியிட்டார். விண்ணிலிருந்து வந்து மனிதரை ஆளும் காரெலென் என்பவன் அதிலே ஒரு பாத்திரம். கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். செனோகியர்ஸ் கதையிலே மனித இனத்தையே மாற்றியமைக்க முனையும் அறிஞன் ஒருவனுக்கு, யப்பானிய மூலத்தில் அந்தக் காரெலென் என்ற பெயரையே இட்டிருந்தனர். ஒரு பெயராலே ஒரு நூல் முழுவதையும் நினைப்பூட்டும் உத்தி அது. யப்பானிய எழுத்திலே ரகரத்துக்கும் லகரத்துக்கும் வேறுபாடு இல்லை. மூலத்தில் எழுதிய பெயர் ஆங்கிலத்துக்கு மீண்டபோது 'கிரேலியன்' ஆயிற்று. ஆங்கிலப் புத்தகத்திலிருந்து சென்ற பெயர் ஆங்கிலத்துக்குத் திரும்புகையில் தன் தாய்வீட்டுக் கதவையே அடையாளம் காணவில்லை. ஆங்கிலத்தில் ஆடியவருள் எத்தனைபேர் அந்நாவலை நினைந்திருப்பர்?

சில விளையாட்டுக்களுக்கு அந்தத் திரிந்த பேறும் வாய்க்கவில்லை. தக்காஷி தொக்கித்தா இயக்கிய 'லைவ் எ லைவ்' 1994 இல் வெளிவந்தது. வேறு நாட்டவர் அதனைத் தம் மொழியில் முறையாகப் பெற்றது 2022 இல். இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்.

கையிலே விழுந்த வினா

குறைகளைச் சொன்னேன். இனி, நம்பிக்கை எங்கிருந்து வருகின்றது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த லைவ் எ லைவ் விளையாட்டிலேயே விஞ்ஞானக் கதைப் பகுதியொன்று உண்டு. நாம் அதிலே புதிதாகச் செய்யப்பட்ட சிறு றோபோ. விண்கப்பலிலே ஊழியர் சிலர். ஒருவர்மேல் ஒருவருக்குப் பொறாமையும் ஐயமும். நாம் அவர்களுக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுக்கின்றோம். ஒருவர்பின் ஒருவராக அவர்கள் இறக்கின்றனர். ஒற்றுமையற்ற மனிதரால் பயணம் கெடும் என்று முடிவு செய்த கப்பற் கணினியே கொலைகாரன் என்பது பின்னர்த் தெரிகின்றது. இறுதிவரை போர் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. பேசத் தெரியாத பொறியாக நின்று மனிதரைப் பார்த்தல், அவர்களுக்குப் பணிசெய்தல், இவ்வளவே நமது வினை. மனிதரோடு வாழ்வது எப்படி என்று இரண்டு பொறிகள் இரண்டு விடை கண்டன. ஒன்று கொன்றது, மற்றொன்று கோப்பி கொடுத்தது. சிறிய பகுதிதான், சில மணி நேரத்திலே முடிந்துவிடும். முழுமையாக முடியும்.

1989 இல் வெளிவந்த பான்ரஸி ஸ்ரார் இரண்டாம் பாகத்திலே, வீழ்ந்த துணைவரைக் குளோனிங் நிலையத்திற் பணங்கட்டி மீட்கலாம். மரணம் கடைச்சரக்கு ஆகிவிட்ட உலகம் அது. பலமுறை அவ்வாறு மீட்டுப் பழகிவிடுகின்றோம். பின்பு நேய் என்னும் பெண் இறக்கின்றாள். அவளை மட்டும் அந்நிலையத்தாலும் மீட்க இயலாது. விலை கொடுத்து வாங்கியதை நாம் உயிர் என்று எண்ணியிருந்தோம் என்பது அப்பொழுது உறைக்கின்றது. கருப்பொருள் உரிப்பொருளைப் பெற்றுவிட்டது.

தக்காஹாஷியின் குழுவினரே 2022 இல் 'செனோபிளேட்' மூன்றாம் பாகத்திலே அதனினும் நன்றாகச் செய்தனர். அவ்வுலகத்துப் போர்வீரருக்கு வாழ்நாள் பத்தே ஆண்டுகள். முதுமை என்பது யாதென அறியார். தாய் தந்தையை அறியார். மீயோ என்பவளுக்கு எஞ்சியிருப்பது மூன்று திங்கள். நாயகன் நோவா, இறந்தாரைக் குழலிசைத்து வழியனுப்பும் கடமை பூண்டவன். கதைக் காட்சியிலே அவன் குழலூதுவது ஒருபுறம் இருக்க, வெளியிலே நாம் திரியும்போது கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்கள் எதிர்ப்படும். நின்று குழலூதி அனுப்பலாம், ஊதாமலும் போகலாம். பகைநாட்டான் உடலுக்கும் ஊதலாம். இந்த ஒரு செயலைச் செய்யும்தோறும் பத்தாண்டு வாழ்வின் துயரம் நம் விரலுக்கு வந்துசேர்கின்றது. இரங்கல் பேச்சிலிருந்து செயலுக்கு இறங்கிவிட்டது.

இவை எல்லாவற்றினும் என்னை அசைத்தது யோக்கோ தாரோ இயக்கி 2017 இல் வெளிவந்த 'நியர் ஓட்டோமாட்டா'. மனிதர் செய்த ஆண்ட்ரொயிட்டுக்கள், அந்நியர் செய்த பொறிகளோடு பூமியிலே பொருகின்றன. சந்திரனிலே ஒதுங்கி வாழும் மனிதருக்காகப் போர் என்று அவற்றுக்குச் சொல்லப்பட்டது. உண்மையிலே மனிதர் எப்பொழுதோ அழிந்துவிட்டனர். அவற்றின் நினைவுகள் பதிவுகளாகச் சேமிக்கப்படும். உடல் அழிந்தால் வேறுடலிலே ஏற்றப்படும். தொடக்கத்திலேயே ஒருவன், தன் நினைவை விடுத்துத் தோழியின் நினைவை மட்டும் அனுப்பிக் காக்கின்றான். மீண்டும் எழுந்த அவனுக்கு அந்தத் தியாகமே நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கின்றது.

இதன் பொருளை ஆட்டத்தின் கடைசியிலே நமக்கே வைக்கின்றனர். ஆக்கியோரின் பெயர்கள் திரையிலே வர, அப்பெயர்களோடு பொரவேண்டும். தனித்து வெல்வது மிக அரிது. பன்முறை தோற்றபின், முன்பின் அறியாத ஆட்டக்காரர் பலர் விட்டுச்சென்ற உதவி வந்து நம்மைச் சூழ்கின்றது. வென்றதும் ஒரு கேள்வி: இவ்வாறே இடர்ப்படும் வேறொருவருக்கு நீயும் உதவுவாயா? உதவுவதாயின் இதுவரை நீ சேமித்த பதிவுகள் யாவும் அழிக்கப்படும். பெறுபவர் யாரென்று அறியாய். நீ வெறுக்கும் ஒருவராகவும் இருக்கலாம்.

ஈகை அதிகாரத்தை முப்பதாண்டுக்கு மேலாக வகுப்பிலே கற்பித்து வருபவன் நான். கொடுப்பதன் சிறப்பைக் கரும்பலகையிலே எழுதியிருக்கின்றேன். பரீட்சைக்கு வினாவாகவும் கொடுத்திருக்கின்றேன். அன்றிரவு அந்தக் கேள்வியின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். பல கிழமைகளின் உழைப்பு அந்தப் பதிவு. அழிந்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை. நன்றி சொல்வாரும் இல்லை. இறுதியில் சம்மதித்தேன். சேர்த்த பொருளும் கண்ட கதையும் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். நினைவை இழந்து தோழியைக் காத்தவனின் செயல், அதுவரை கதையாக இருந்தது, அப்பொழுது என் செயலாயிற்று. எந்த நூலாலும் எந்தத் திரைப்படத்தாலும் இதனை இவ்வாறு செய்ய இயலாது. இக்கலைக்கே உரிய ஆற்றல் இது.

வேண்டுவன

ஆதலால் ஆக்குவோரிடம் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, வாளை முற்றாக விடவேண்டுவதில்லை. ஆனால் வாளல்லாத வினைகளைப் படையுங்கள். பேணுதல், பழுது பார்த்தல், மொழி கற்றல், வழியனுப்புதல், தலையிடாது நிற்றல் என்பனவும் வீரரின் செயல்களே. இரண்டாவது, பெரிதாகத் தொடங்கிப் பாதியிலே நாற்காலியில் அமர்வதினும், சிறிதாகத் தொடங்கி முழுமையாக முடியுங்கள். அந்தக் கோப்பி கொடுத்த றோபோ உங்களுக்கு வழி காட்டும். மூன்றாவது, பழையவற்றை அழியவிடாது, பெயர்களும் சிதையாதபடி நல்ல மொழிபெயர்ப்போடு மீண்டும் தாருங்கள்.

இவை நடவாதன அல்ல. இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்த லைவ் எ லைவ் வந்தது. எக்ஸ்பெல் கிரகத்துக் குளோட்டின் கதை 2023 இல் புத்துருவோடு வந்தது. பத்தாண்டு வினாவோடு நின்ற செனோபிளேட் எக்ஸ், 2025 மார்ச்சிலே புதிய முடிவுப் பகுதியோடு வெளிவந்தது. இரண்டாம் தட்டிலே நாற்காலியில் அமர நேர்ந்த அதே தக்காஹாஷி, இருபத்தேழு ஆண்டுகளின் பின் தாம் விட்ட கதையொன்றின் நுனியைத் தேடிப்பிடித்து முடிந்திருக்கின்றார்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இவ்விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கக் கண்டால் "எத்தனை மணி நேரம் ஆடினாய்?" என்று கேட்பது நியாயமே. அதனோடு, "அதிலே நீ என்ன செய்தாய்? ஏன் அதைச் செய்தாய்?" என்றும் கேளுங்கள். "வாளால் வெட்டினேன்" என்று மட்டும் விடை வருமாயின், அது ஆக்கியோரின் குறை. வேறு விடை வருமாயின், சற்றே அமர்ந்து கேளுங்கள். இலக்கிய வகுப்பு அங்கே நடந்துகொண்டிருக்கின்றது.